மரக்கலமும் அதன் மாதிரியும்

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் நம்மவர் இல்லங்கள் சிலவற்றின் முன்கூடத்தில், கண்ணாடிப் பேழைக்குள் மரக்கப்பல் ஒன்று நிற்பதைக் காணலாம். கடலுக்கும் இவ்வூர்களுக்கும் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் இடைவெளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், பஞ்சும் நூலும் நெல்லுமாக வாழ்க்கை நடத்துவோர் கப்பலின் மீது பற்றுக்கொண்டிருப்பது மகிழ்ச்சிக்குரியதே. பள்ளிக் கண்காட்சிகளில் நம் பிள்ளைகள் செய்து வைக்கும் கப்பல்களையும் கண்டு மகிழ்கிறோம். ஆயினும், அவற்றின் அடிப்பலகையில் ‘மரக்காயர் கப்பல்’ என்றோ, ‘நம் முன்னோர் கடலோடிய கலம்’ என்றோ எழுதியிருப்பதைப் படிக்கும்போதுதான் நம் உள்ளம் துணுக்குறுகிறது.

ஏனெனில், அவற்றுட் பல ஐரோப்பியக் கப்பல்கள். மூன்று பாய்மரங்கள், பக்கவாட்டில் வரிசையாகப் பீரங்கித் துளைகள், பின்புறத்தில் மாளிகை போல் உயர்ந்த மேல்தளம் ஆகியவை அவற்றின் அடையாளங்கள். சிலவற்றின் பாயில் சிவப்புச் சிலுவையும் தீட்டப்பட்டிருக்கிறது. 1498இல் கள்ளிக்கோட்டைக்கு வந்த போர்ச்சுகீசியரின் கப்பல்கள் அத்தகையவை. நம் கடல் வணிகத்தை முடக்க வந்தவையும் அவையே. 1538இல் மண்டபத்தை அடுத்த வேதாளையில் மரக்காயர் படை போர்ச்சுகீசியரோடு பொருது தோற்றது. அப்படையினர் நம்பியிருந்தவை பெரும்பாலும் விரைந்து திரும்பவல்ல சிறு துடுப்புக் கலங்கள். வென்றவனின் கப்பலைப் பேழையில் வைத்து, தோற்றவனின் பெயரை அதன் கீழ் எழுதுகிறோம். இதனினும் பெரிய வரலாற்றுப் பிழை வேறு இருக்க முடியுமா?

‘அழகுக்காக வைப்பதற்கு இத்தனை ஆராய்ச்சி எதற்கு?’ என்று கேட்போர் உண்டு. அழகுக்காக மட்டும் வைத்தால் நமக்கு வழக்கில்லை. பெயர்ப்பலகை ஏறிய கணத்தில் அப்பொருள் சாட்சி சொல்லத் தொடங்கிவிடுகிறது. சாட்சி உண்மை பேசவேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரைப் பார்த்து வளர்ந்த சிறுவனிடம் சக்கரம் குறைந்த தேர்ப் பொம்மையைக் கொடுத்தால், ‘சக்கரம் எங்கே?’ என்று உடனே கேட்பான். ராஜபாளையத்தில் சடைநாய் ஒன்றைக் காட்டி ‘இது ராஜபாளையம் நாய்’ என்றால் தெருவே நகைக்கும். கப்பலில் மட்டும் எவரும் நகைப்பதில்லை. தேரையும் நாயையும் அறிந்தோம். நம் மரக்கலத்தை மறந்தோம். நகையாமைக்குக் காரணம் அதுவே.

உள்நாட்டில் வாழும் நமக்கு இது அயலார் செய்தி என்று ஒதுக்கிவிடுவதற்கும் இல்லை. இவ்வட்டாரத்தில் பரவி வாழும் இராவுத்தர்களின் பெயரே குதிரை வீரரைக் குறிப்பது. குதிரையோ இந்நாட்டில் பெருந்தொகையாக விளைந்த செல்வமன்று. கடல் வழியே வந்தது. ஹுர்முஸ், கீஷ், ஏடன் ஆகிய துறைகளிலிருந்து குதிரைகளோடு வரும் கப்பல்கள் காயலில் தங்கியதை 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ எழுதிவைத்தார். குதிரையேறியவர் வரலாறும் கப்பலேறியவர் வரலாறும் ஒன்றையொன்று தழுவியவை. ஆகவே, நம் மாதிரிக் கப்பலைப் பார்த்து நாம் கேட்கவேண்டிய முதல் வினா, ‘இதில் குதிரை எங்கே நின்றது?’ என்பதாகும். பீரங்கித் துளை வைத்தவர் அதைப் பற்றி எண்ணியதே இல்லை.

இவ்வினாவுக்கு விடையும் உண்டு. ஹுர்முஸ் கப்பல்களில் ஒரு பாய்மரமும் ஒரு பாயும் ஒரு சுக்கானும் இருந்தன, மேல்தளம் இல்லை, சரக்கை ஏற்றி, அதைத் தோலால் மூடி, அதன்மேல் குதிரைகளை நிறுத்தினர், பலகைகளை இரும்பாணியால் அறையாமல் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்தனர். இவை மார்க்கோ போலோ தரும் செய்திகள். அவருக்கு அக்கப்பல்கள் பிடிக்கவில்லை. ஆபத்தானவை என்று பழித்தார். 14ஆம் நூற்றாண்டில் மஃபர் கரைக்கும் வந்து சென்ற இப்னு பதூதாவோ வேறு விதமாகச் சொன்னார். ஆணியடித்த கப்பல் பாறையில் மோதினால் உடையும். தைத்த கப்பல் நெகிழ்ந்து கொடுக்கும் என்பது அவர் கருத்து. ஒருவர் பழித்தார்; மற்றவர் புகழ்ந்தார். ஆனால் தையலைப் பற்றி இருவரும் ஒரே சாட்சியே சொன்னார்கள். நம் பேழைகளில் உள்ள கப்பல்களில் அத்தையலைத் தேடிப் பாருங்கள்; கிடைப்பது அரிது.

ஓவியச் சான்றுகளும் இருக்கின்றன. அல்-ஹரீரியின் மகாமாத் நூலுக்கு 1237இல் அல்-வாஸிதீ தீட்டிய கப்பல் ஓவியம் பாரிசு நூலகத்தில் உள்ளது. அதில் பலகைத் தையலும், பின்புறத்தில் பொருத்திய சுக்கானும் தெளிவாகத் தெரிகின்றன. நமக்கு அண்மையில், திருநெல்வேலி மாவட்டத்துத் திருப்புடைமருதூர்க் கோயிற் கோபுரத்தில், 16, 17ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவையெனக் கருதப்படும் சுவரோவியங்கள் உள்ளன. குதிரைகளோடு வரும் கப்பலும் அரபு வணிகரும் அங்கே காட்சி தருகின்றனர். ஆனால், ஓவியம் கட்டட வரைபடம் ஆகாது என்பதையும் நினைவிற் கொள்ளவேண்டும். ஓவியன் கப்பலைவிட மனிதரைப் பெரிதாக்குவான், அளவை விட்டுவிடுவான். அதிலிருந்து எதை எடுப்பது, எதை விடுவது என்று தெளிவதே மாதிரி செய்பவனின் அறிவு.

பெருங்கலம் கட்டியோரே இதில் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை என்பது சிந்திக்கத்தக்கது. டிம் செவரின் ஓமானில் கட்டிய ‘சுஹார்’ என்னும் தைத்த கப்பல் 1980இல் புறப்பட்டு 1981இல் சீனத்துக் காண்டன் நகரை அடைந்தது. அதில் அரபுக் கப்பலுக்கு உரியதென நாம் நம்பும் சாய்ந்த பாயையே ஏற்றினர். பின்னர் 1998இல் இந்தோனேசியாவின் பெலித்துங் தீவருகே 9ஆம் நூற்றாண்டுக் கப்பலொன்றின் சிதைவு கிடைத்தது. அதைத் தழுவி ஓமான் அரசு கட்டிய ‘மஸ்கட் மாணிக்கம்’ 2010இல் சிங்கப்பூர் சேர்ந்தது. அதில் ஏறியதோ சதுரப் பாய். முக்கோணப் பாய் அத்தனை பழமையானது என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று அதைக் கட்டியோர் கருதினர். ஆகவே, ஐரோப்பியக் கப்பலை அகற்றிவிட்டு முக்கோணப் பாய் வைத்துவிட்டால் வரலாறு சரியாகிவிடும் என்று எண்ணுவதும் அவசரமே. சித்திர வேலைப்பாடும் சாளரங்களும் கொண்ட தட்டையான பின்புறத்தை அரபுக் கப்பலுக்கு வைப்பதும் அத்தகையதே. அவ்வமைப்பு ஐரோப்பியர் வரவுக்குப் பின் புகுந்தது என்பதே அறிஞர் பலரின் கருத்து.

‘வரைபடமே இல்லாதபோது எவ்வாறு சரியாகச் செய்வது?’ என்பது நேர்மையான கேள்வி. இந்தியக் கடற்படை 2025 மே மாதம் கார்வாரில் ஏற்றுக்கொண்ட ‘கௌண்டின்யா’ என்னும் தைத்த கப்பலே அதற்கு விடை. 5ஆம் நூற்றாண்டு அஜந்தா ஓவியம் ஒன்றுதான் அதற்கு அடிப்படை. வரைபடம் ஏதும் இல்லை. சென்னை ஐ.ஐ.டி.யின் கடற்பொறியியல் துறையில் சிறு மாதிரியை நீரில் சோதித்தார்கள். பாபு சங்கரன் தலைமையில் கேரளத் தச்சர்கள் கயிற்றால் பலகைகளைத் தைத்தார்கள். ஓவியத்திலிருந்து வந்தது எது, கணக்கால் வந்தது எது என்பதை மறைக்கவில்லை. மாதிரி செய்பவனுக்கு வேண்டிய நேர்மை இதுவே. கடலடியிலிருந்து 1961இல் மீட்ட சுவீடன் நாட்டு ‘வாசா’ கப்பலின் சிற்பங்களுக்குப் பின்னணி நீலம் என்று முன்னர் எண்ணினர். வண்ணத் துகள்களை ஆய்ந்து சிவப்பென்று அறிந்தபின், அருங்காட்சியக மாதிரிக்குச் சிவப்பே தீட்டினர். சான்று மாறினால் மாதிரியும் மாறவேண்டும்.

பெருமை வேட்கையும் ஒரு பகையே. பூம்புகார்க் கடலில் கப்பற்சிதைவு ஒன்று கிடைத்தபோது சோழர் கலம் என்று சொல்லும் ஆவல் எவருக்கும் எழும். ஆனால் அங்கே கிடைத்த ஈயக் கட்டிகளில் ஆங்கிலப் பெயரும் 1791, 1792 என்னும் ஆண்டுகளும் பொறித்திருந்தன. இடம் நம்முடையது என்பதால் கலமும் நம்முடையதாகிவிடாது. இன்னொருவர் கப்பலுக்கு நம் பெயரைச் சூட்டுவதால் நம் பெருமை வளராது. மெய்யான சான்றின்மீது ஐயமே வளரும்.

மெய்ச்சான்றுக்கோ நமக்குப் பஞ்சமில்லை. தமிழன் நாவில் இன்றும் வழங்கும் ‘சுக்கான்’ அரபுச் சொல். ‘மாலுமி’ என்பது ‘முஅல்லிம்’ என்பதன் திரிபு. வழியறிந்து கற்பிப்பவன் என்று பொருள். சொல்லில் பிழைபடாது காத்ததை நாம் மரத்தில் பிழைபடச் செய்யலாமா? தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்குச் சரக்கேற்றிச் சென்ற பாய்மரத் தோணிகளை ஓட்டியவர்களும் கட்டிய தச்சர்களும் முதியவர்களாகி வருகின்றனர். அவர்களிடம் கேட்டு அளவெடுத்துத் தோணியொன்றைச் செய்து வைப்பது, அறியாத சோழர் கப்பலைக் கற்பனையாகச் செதுக்குவதினும் நூறு மடங்கு மேலான பணி.

எனவே, மரக்கப்பல் வாங்குவோரும் செய்வோரும் நான்கு வினாக்களைக் கேட்கவேண்டுமென விழைகிறோம். எந்தத் துறையின் கப்பல்? எந்த நூற்றாண்டு? பலகைகள் எவ்வாறு இணைந்தன? எதை ஏற்றிச் சென்றது? விடை கிடைத்தால் அதைப் பலகையில் எழுதுங்கள். ஊகமானால் ‘ஊகம்’ என்றே எழுதுங்கள். அதனால் கப்பலின் மதிப்புக் குறையாது. விடையே இல்லையென்றால் பெயரெழுதாமல் விட்டுவிடுங்கள். பெயரற்ற கப்பல் கண்ணுக்கு விருந்தாக நிற்கட்டும். பொய்ப்பெயர் தாங்கிய கப்பலோ, அதைப் பார்த்து வளரும் பிள்ளையின் நினைவில் நம் முன்னோரை இன்னொரு முறை மூழ்கடித்துவிடும்.