பீட் கிரே: .218 சொல்லாத கதை

234 பேட்டிங் வாய்ப்பு, 51 ஹிட், சராசரி .218. ஹோம் ரன் ஒன்றுகூட இல்லை. 1945-ல் செயின்ட் லூயிஸ் பிரவுன்ஸ் பேஸ்பால் அணிக்காக 77 ஆட்டங்கள் ஆடிய பீட் கிரேயின் கணக்கு இது. அந்த ஆண்டு அமெரிக்கன் லீகின் மொத்தச் சராசரியே .255. அதனால் பலர், ‘போர்க்காலத்தில் ஆள் கிடைக்கவில்லை, கூட்டம் சேர்க்க ஒற்றைக் கை வீரரை இறக்கினார்கள்’ என்று ஒரே வரியில் கதையை முடித்துவிடுகிறார்கள். அது பெரிய அநியாயம்.

ஆள் கிடைக்கவில்லை என்பது உண்மைதான். பேஸ்பால் நடக்கட்டும், ஆனால் வீரர்களுக்கு ராணுவச் சேவையில் விலக்கு இல்லை என்று 1942 ஜனவரியில் அதிபர் ரூஸ்வெல்ட் கடிதம் எழுதினார். ஜோ டிமாஜியோ, டெட் வில்லியம்ஸ், பாப் ஃபெல்லர் என்ற நட்சத்திர வீரர்கள் எல்லோரும் சீருடை மாட்டிக்கொண்டு போனார்கள். 1944-ல் சின்சினாட்டி அணி 15 வயதுப் பையன் ஜோ நக்ஸ்ஹாலைப் பந்துவீச இறக்கியது.

ஆனால் கிரே இரக்கத்தில் வந்தவர் அல்ல. பென்சில்வேனியாவின் நான்டிகோக் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில், லித்துவேனியாவிலிருந்து குடியேறிய குடும்பத்தில் 1915-ல் பிறந்தவர். இயற்பெயர் பீட்டர் வைஷ்னர். சின்ன வயதில் வண்டியிலிருந்து விழுந்து, சக்கரத்தில் சிக்கிய வலது கையை முழங்கைக்கு மேலே எடுக்க வேண்டியதாயிற்று. அதுவரை வலக்கைப் பழக்கம். கழியால் கற்களை அடித்து அடித்தே இடக்கை ஆட்டத்தைக் கற்றுக்கொண்டார். 1944-ல் மைனர் லீகில், அதாவது இரண்டாம் நிலைத் தொடரில், மெம்ஃபிஸ் அணிக்கு ஆடி .333 சராசரி, 68 பேஸ் திருட்டு, அந்த லீகின் மிகச் சிறந்த வீரர் விருது. அதைப் பார்த்துத்தான் பிரவுன்ஸ் அவரை 20,000 டாலர் கொடுத்து வாங்கியது. அப்போது அந்த அணி அமெரிக்கன் லீக் சாம்பியன் என்பதையும் மறக்கக் கூடாது.

அவர் பந்து பிடிப்பதைக் கவனித்தால் உழைப்பு புரியும். கையுறையின் உள்பஞ்சை எடுத்துவிட்டு, தளர்வாக மாட்டியிருப்பார். பந்து உள்ளே விழுந்ததும் கையுறையை வலது தோளடியில் இருக்கும் குறைக்கையின் கீழே இடுக்குவார். பந்து மார்பின் மேல் உருண்டு வர, விடுபட்ட இடது கை அதை எடுத்து எறியும். எல்லாம் கண் இமைக்கும் நேரத்தில். ஆனாலும் அந்த இமைப்பொழுதில் எதிரணி ஓட்டக்காரர் சில சமயம் இன்னொரு பேஸைப் பிடித்துவிடுவார்.

பேட்டிங்கில்தான் உண்மையான சிக்கல். ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள மட்டையை ஒற்றைக் கையால் சுழற்ற, அவர் சற்று முன்னதாகவே தொடங்க வேண்டும். தொடங்கிய வீச்சைப் பாதியில் பிடித்து நிறுத்த இரண்டாவது கை இல்லை. வேகப்பந்தே வந்துகொண்டிருந்தவரை பிரச்சினை இல்லை. மே மாதம் யாங்கீஸை ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களில் பிரவுன்ஸ் வீழ்த்தியபோது அவர் மட்டை நன்றாகவே பேசியது. ஆனால் பந்துவீசும் பிட்சர்கள் விஷயத்தைக் கண்டுகொண்டார்கள். கிரிக்கெட்டில் ஸ்லோயர் பாலுக்கு முன்கூட்டியே மட்டையை வீசிவிட்டுத் தவிப்போமே, கிட்டத்தட்ட அதே தவிப்பு. மெதுவான பந்தும் வளையும் பந்தும் வந்துகொண்டே இருந்தன.

இங்கேதான் நான் வேறொரு எண்ணைக் காட்ட விரும்புகிறேன். அந்த சீசன் முழுவதும் அவர் ஸ்ட்ரைக் அவுட் ஆனது 11 முறைதான். ஏமாற்றும் பந்துகளையே குறிவைத்து வீசியும், மட்டையில் படாமல் அவரை அனுப்பி வைப்பது அபூர்வமாகவே முடிந்தது. மட்டை பந்தில் பட்டது; ஆனால் அதை விரட்டும் வலுவோடு படவில்லை. கண்ணும் கணிப்பும் முதல் தரம், குறை இயற்பியலில்.

சக வீரர்கள் சிலருக்கு மனக்கசப்பு இருந்தது. இவரை ஆடவைத்ததால்தான் கோப்பை போயிற்று என்றார்கள். பிரவுன்ஸ் மூன்றாமிடம் பிடித்தது. முதலிடம் பிடித்த டெட்ராய்ட்டைவிட ஆறு ஆட்டங்கள் பின்னால். ஆறு ஆட்டப் பழியை ஒரு ஆளின் தலையில் கட்டுவது எனக்கு ஏற்புடையதாக இல்லை. அந்த டெட்ராய்ட்டுக்கு ராணுவத்திலிருந்து திரும்பிய ஹேங்க் கிரீன்பெர்க் கிடைத்தார். செப்டம்பர் 30 அன்று செயின்ட் லூயிஸிலேயே நான்கு ரன் தரும் கிராண்ட் ஸ்லாம் ஹோம் ரன் அடித்து லீக் பட்டத்தை உறுதிசெய்ததும் அவர்தான்.

போர் முடிந்தது, நட்சத்திர வீரர்கள் திரும்பினார்கள். 1946-ல் கிரே டொலிடோவுக்கு, மைனர் லீகுக்கு, அனுப்பப்பட்டார். அங்கிருந்து வேறு சிறு அணிகள். 1940-களின் கடைசிவரை ஆடினார். கையிழந்த போர்வீரர்களை ராணுவ மருத்துவமனைகளில் போய்ச் சந்தித்ததும் அவர் செய்த வேலைதான். பிறகு நான்டிகோக்குக்கே திரும்பி, அங்கேயே 2002-ல், 87 வயதில் காலமானார்.