திணை நிலமும் கரிசல் நிலமும்

தமிழ்வழிப் பயிலும் சூழலறிவியல் மாணாக்கர்க்குப் புவியறிவியலின் அடிப்படைக் கருத்துகளைக் கற்பிக்கும் நூல்களும் பாடக்குறிப்புகளும் இன்று பெருகி வருகின்றன. சூழற்கல்வியைக் கட்டாயப் பாடமாக்குமாறு உச்சநீதிமன்றம் 1991-ஆம் ஆண்டில் பணித்த பின்னர் இத்தேவை மிகுந்தது. பாறை, மண், நிலத்தடி நீர் ஆகியவற்றை விளக்கப் புகுவோருள் சிலர், தொல்காப்பியர் கூறும் ஐந்திணையை முதற்கண் காட்டி, பண்டைத் தமிழர் புவியை அறிவியல் முறையில் ஐவகையாகப் பகுத்தனர் என்று கூறுகின்றனர். இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதையும், பொருந்தாதாயின் சங்க நூல்கள் இக்கல்விக்கு வேறு எவ்வாற்றான் உதவும் என்பதையும் ஈண்டு ஆராய்வாம். விருதுநகர் மாவட்டத்து மல்லாங்கிணற்றைச் சூழ்ந்த கரிசல் நிலத்தை இவ்வாராய்ச்சிக்கு உரைகல்லாகக் கொள்வாம்.

அகத்திணையியல் நிலத்தையும் பொழுதையும் முதற்பொருள் என்கிறது. எதற்கு முதல் என்று வினவின், பாடலுக்கு முதல் என்பதே விடை. புணர்தல், பிரிதல், இருத்தல், இரங்கல், ஊடல் என்னும் உரிப்பொருள் நிகழ்தற்குரிய களமாகவே நிலம் அங்குப் பேசப்படுகிறது. இதற்குத் தொல்காப்பியத்துள்ளேயே இரு சான்றுகள் உள. நால்வகை நிலம் கூறிய ஆசிரியர், நடுவணதாகிய பாலைக்கு நிலம் வகுத்திலர் என்பது ஒன்று. நிலங்கள் தம்முள் மயங்குதல் இல்லை. ஆயினும் திணை மயங்குதல் விலக்கப்படுவதன்று என அவர் விதித்தது மற்றொன்று. மண்ணை வகைப்படுத்தும் நூல், வகைகளுள் ஒன்றற்கு மண்ணே கூறாது விடுமா? திணை என்பது ஒழுக்கத்தின் பாகுபாடாதலின் விட்டது என்க. இஃது அதன் குறையன்று. அதன் நோக்கமே வேறு.

இவ்வேறுபாட்டை உணராமையால் விளையும் இடர்ப்பாட்டுக்குப் 'பாலை' ஒரு சான்று. இக்காலத் தமிழில் மணற்பரப்பைக் குறிக்கப் 'பாலைவனம்' என்னும் சொல் வழங்குகிறது. பாடநூலில் அதனைக் கற்ற மாணாக்கன் சங்கப் பாலையையும் சகாரா போன்றதெனக் கருதுகின்றான். இளங்கோவடிகளோ, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் தம் இயல்பு திரிந்தவிடத்துப் பாலை என்னும் வடிவம் கொள்ளும் என்கிறார். அது வேனிலில் தோன்றி மழையில் மாறும் நிலைமை; நிலையான நிலவகையன்று. ஆண்டிற்கு 250 மில்லிமீட்டருக்குக் குறைவாக மழை பெறும் பகுதியையே பொதுவாகப் பாலைவனம் என்பர் புவியியலார். விருதுநகர் மாவட்டம் பெறும் மழையோ ஏறத்தாழ 800 மில்லிமீட்டர். வறண்ட மாவட்டம் என்பதுபற்றி அதனைப் பாலை என்று எழுதுதல் இலக்கியத்துக்கும் பொருந்தாது, அறிவியலுக்கும் பொருந்தாது.

இனி, கரிசல் நானிலத்துள் எதன்பாற்படும்? மலையன்று, கடற்கரையன்று, ஆற்றுநீர் பாயும் வயலுமன்று. காடு எனக் கொண்டு முல்லையுள் அடக்குவாரும் உளர். ஆயின் கரிசல் வட்டாரத்தில் 'காடு' என்பது மரஞ்செறிந்த இடத்தை மட்டும் குறிப்பதன்று. மழையை நம்பி உழுது விதைக்கும் புன்செயையே மக்கள் காடு என்பர். காட்டுக்குப் போதல் என்றால் புன்செய் வேலைக்குப் போதல். கரிசற்காடு என்னும் தொடரில் பருத்தியும் சோளமும் கம்பும் உண்டே அன்றி வனம் இல்லை. இப்பொருள் வேறுபாட்டை விளக்காமல் 'காடும் காடு சார்ந்த இடமும்' என்று மட்டும் எழுதும் பாடநூல், மல்லாங்கிணற்று மாணாக்கனுக்கு அவன் நிலத்தைப் பற்றி ஒன்றும் கூறியதாகாது.

கரிசலின் தோற்றம் பற்றிய பாடமும் ஆராயத்தக்கது. கரிசல் மண் எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட்டுப் பாறையினின்று உண்டாவது என்னும் விளக்கம் பரவலாக வழங்குகிறது. தக்காணத்தின் வடமேற்குப் பகுதிக்கு அது பொருந்தும். அங்குள்ள எரிமலைப் பாறைகள் ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகட்கு முற்பட்டவை. விருதுநகர்ப் பகுதியின் அடிநிலமோ அவற்றினும் மிகப் பழமையான நைசு, சார்னோக்கைட்டு முதலிய பாறைகளால் ஆயது. பந்தல்குடிப் பக்கம் சுண்ணாம்புப் பாறையும் உண்டு. ஈண்டுக் கரிசல், இத்தகைய பாறைகள் அரைவறட்சித் தட்பவெப்பத்தில் சிதைந்து, சுண்ணமும் களியும் மிகுந்த சூழலில் உருவாயது. தாய்ப்பாறை வேறாயினும் தட்பவெப்பம், நிலச்சரிவு, வடிகால், காலம் என்பன கூடின் ஒத்த மண் தோன்றக்கூடும் என்னும் அடிப்படைக் கருத்தை விளக்க இதனினும் சிறந்த எடுத்துக்காட்டு யாது?

நிறம் கருமையாதலின் மக்கு மிகுதி என்று கருதுவதும் பிழை. கரிசலில் மக்குப்பொருள் பெரும்பாலும் குறைவே. நீர் பட்டால் விரிந்து, காய்ந்தால் சுருங்கும் களித்துகளே அதன் சிறப்பியல்பு. கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும்போது மேல்மண் வெடிப்பினுள் விழுகிறது. மழையில் களி விரிய உள்மண் மேலெழுகிறது. மண் தன்னைத்தானே புரட்டிக்கொள்ளும் இந்நிகழ்ச்சியை உழவர் நாளும் காண்கின்றனர்.

அங்ஙனமாயின் சங்க நூல்களுக்கு இக்கல்வியில் இடமில்லையோ எனின், உண்டு. ஆனால் அவ்விடம் பாட்டுக்குப் பாட்டு வேறுபடும். கூவல் என்னும் சொல் வரும் இரு பாடல்களை ஒப்பு நோக்குவாம். ஐங்குறுநூற்று 203-ஆம் பாட்டில் தலைவி, தலைவன் நாட்டில் தழை மூடிய கூவலில் விலங்குண்டு எஞ்சிய கலங்கல் நீர், தேன் கலந்த பாலினும் இனிது என்கிறாள். இது நீரின் தன்மையன்று, காதலின் தன்மை. புறநானூற்று 331-ஆம் பாட்டோ, கல்லை அறுத்து ஆக்கிய, மிகவும் உவர்த்த கூவலையுடைய சிற்றூரைக் காட்டுகிறது. பாறை நிலத்தில் நீர் வெடிப்புகளிலும் சிதைந்த அடுக்கிலுமே தங்கும். வறண்ட பகுதியில் உப்புச் செறியும். கிணறு என்னும் சொல்லைப் பெயரிலேயே தாங்கிய ஊரினர்க்கு இதனை விளக்கவும் வேண்டுமோ? முன்னதைப் பண்டை நீராய்வு எனக் காட்டுதல் பாட்டைக் கொல்லும். பின்னதைக் காட்டுதல் பாட்டையும் விளக்கும், பாடத்தையும் விளக்கும்.

இவ்வகையில் தலையாயது புறநானூற்றின் 18-ஆம் பாட்டு. பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கிக் குடபுலவியனார், உணவு என்பது நிலமும் நீரும் கூடியது என்றும், விதைத்துவிட்டு வானத்தை நோக்கும் புன்புலம் பரந்து கிடப்பினும் அரசனுக்குப் பயன்படாது என்றும், நிலம் குழிந்தவிடத்து நீரைத் தேக்குக என்றும் கூறுகின்றார். மழையை நோக்கும் மேட்டுநிலம், வழிந்தோடும் நீர், தாழ்விடத்துத் தேக்கம் என்னும் மூன்றும் ஒரு தொடர்பில் வைக்கப்பட்டுள்ளன. பாண்டி நாட்டுக் கண்மாய்கள் இத்தொடர்பின் வழியே அமைந்தவை. ஐந்திணைப் பட்டியலை மனனம் செய்விப்பதினும் இவ்வொரு பாட்டை ஓர் ஊரின் கண்மாயோடு வைத்துக் கற்பித்தல் நீர்ப்பிடிப்பு என்னும் கருத்தைத் தெளிவாக்கும்.

கலைச்சொல்லாக்கத்துக்கும் இந்நெறி பொருந்தும். களர், உவர் என்பன பழைய சொற்கள். இன்றைய வேளாண் அறிவியல், கரையும் உப்பு மிக்கதை உவர்நிலம் எனவும், களித்துகளில் சோடியம் செறிந்து மண்கட்டமைப்புக் கெட்டதைக் களர்நிலம் எனவும் வரையறுத்துக்கொண்டது. வழக்குச் சொல்லுக்கு அறிவியல் வரையறை அளித்த நன்முறை இது. சுக்கான்கல், செவல், கரிசல் முதலியனவும் இவ்வாறு வரையறை பெறத்தக்கன. கி. ராஜநாராயணன் தொகுத்த கரிசல் வட்டாரச் சொல்லகராதி போன்றவை இதற்குத் துணையாகும். பொதுவரையறை இன்மையின் தீங்கும் வெளிப்படை: இந்நாட்டில் நிலவியல் எனவும் புவியமைப்பியல் எனவும் வழங்கும் துறையை இலங்கைத் தமிழர் புவிச்சரிதவியல் என்பர். ஒரு துறைக்கு மூன்று பெயர் நிற்க, மாணாக்கன் மயங்குதல் இயல்பே.

ஆகவே, திணையைப் புவியறிவியலாகக் காட்டுதல் தமிழுக்குப் பெருமை சேர்ப்பதாகத் தோன்றினும், உண்மையில் இருவகை இழப்பைத் தருகிறது. கவிதையின் இலக்கணம் தன் நுட்பத்தை இழக்கிறது. மாணாக்கன் தன் காலடி மண்ணைக் காணும் வாய்ப்பை இழக்கின்றான். தமிழ்த்துறையார் செய்யத்தக்கது, எப்பாட்டு நிலத்தை உள்ளவாறு கூறுகிறது, எப்பாட்டு உள்ளத்தை நிலத்தின்மேல் ஏற்றிக் கூறுகிறது என்று பிரித்துணர்த்துதலே. அப்பணியைச் செய்தபின் மண்ணைப் பற்றிய பாடத்தை மண்ணறிவியலார் எழுதுக. சொல்லை நாம் தருவோம்.