காலால் அளந்த திபெத்

1860களில் ஐரோப்பியர் திபெத்துக்குள் நுழைய முடியாது. அதனால் இந்திய நில அளவைத் துறையின் மான்ட்கோமரி, இமயமலைக்காரர்களையே பழக்கி, வேடமிட்டு அளந்துவர அனுப்பினார். குமாவோனின் மிலம் கிராமத்து நயின் சிங் ராவத் 1866இல் லாசாவை அடைந்தார். இதை வீரக்கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். அந்த அளவையில் எதை நம்பலாம், எதை நம்பக்கூடாது என்று பார்ப்பதே அந்த உழைப்புக்குச் செய்யும் மரியாதை.

நயின் சிங்குக்கு மேடானாலும் பள்ளமானாலும் 2000 எட்டு ஒரு மைல். ஜெபமாலையில் 108 மணிக்குப் பதில் 100. நூறு எட்டுக்கு ஒரு மணி தள்ளினால், மாலை ஒரு சுற்று வரும்போது ஐந்து மைல். குறிப்புச் சீட்டுகள் பிரார்த்தனைச் சக்கரத்துக்குள் ஒளிந்திருந்தன. இரவில் செக்ஸ்டன்ட் கருவியால் நட்சத்திரத்தின் உயரம் பார்த்து அட்சரேகை கணித்தார். லாசாவுக்கு அவர் கண்ட அட்சரேகை இன்றும் ஏறக்குறைய அப்படியே பொருந்துகிறது.

வடக்குத் தெற்காக நேர்ந்த பிழையை நட்சத்திரம் திருத்தியது. கிழக்கு மேற்குக்கு அந்தத் துணை இல்லை. எட்டுக் கணக்கும் திசைகாட்டியுமே கதி. தண்ணீர் கொதிக்கும் வெப்பத்தை வைத்துக் கணித்த உயரங்கள் வானிலை மாறினாலே பல நூறு அடி பிசகும். நில அளவையாளர் லாம்டன் 1802இல் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய முக்கோண அளவையில் ஒரு கோணம் தவறினால் மற்றவை காட்டிக்கொடுக்கும். ஒற்றை ஆளின் தடத்துக்கு அப்படிச் சாட்சி கிடையாது. தடத்துக்கு அப்பால் உள்ள பள்ளத்தாக்கும் ஆறும் பெரும்பாலும் காதில் விழுந்த செய்திதான்.

எனக்குப் பெரிய குறையாகப் படுவது நடந்தவர்களிடம் இல்லை, அவர்கள் சொன்னதை எழுதிக்கொண்ட மேசையில் இருக்கிறது. திபெத்தின் சாங்போ ஆற்றின் போக்கை அறிய 1880இல் அனுப்பப்பட்ட கிந்துப்புக்கு எழுதத் தெரியாது. கூட வந்த லாமா அவரை அடிமையாக விற்றுவிட்டார். தப்பியும் ஊர் திரும்பாமல், ஒப்புக்கொண்ட வேலையை முடித்து 1884இல்தான் திரும்பினார். வாய்மொழியாக அவர் சொன்ன இரண்டு தனித்தனி அருவிகள் அறிக்கையில் ஒன்றாகி, சாங்போவில் 150 அடி அருவி இருப்பதாகப் பதிவாயின. 1913இல் பிரிட்டிஷ் அதிகாரிகள் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் போய்ப் பார்த்தபோது அங்கே இருந்தது சுமார் 30 அடி வீழ்ச்சி. அறிக்கையை அச்சேற்றும் முன் கிந்துப்பிடமே படித்துக்காட்டியிருந்தால் அந்த இடத்திலேயே திருத்தியிருப்பார்.