நேர்மையின் எல்லை

சுயசரிதை ஒன்றைப் பாராட்ட, 'உண்மையாக எழுதியிருக்கிறார்' என்று சொன்னால் போதும் என்றாகிவிட்டது. எந்தக் கணத்தின் உண்மை, யாரிடம் சொன்ன உண்மை என்பதை நாம் விசாரிப்பதில்லை. ரூஸோவின் 'வாக்குமூலங்கள்' இந்த விசாரணையைத் தவிர்க்க விடாத நூல்.

1728இல் டூரின் நகரில், எஜமானி இறந்துபோன வீடொன்றில், 16 வயது வேலைக்காரப் பையன் ஒரு பழைய ரிப்பனைத் திருடுகிறான். அகப்பட்டதும் சமையற்காரி மரியோன் கொடுத்தாள் என்று சாதிக்கிறான். இருவரும் வெளியேற்றப்படுகிறார்கள். ஏறத்தாழ 40 ஆண்டுகளுக்குப் பின் அவன் எழுதுகிறான்: ரிப்பனை அவளுக்கே கொடுக்க எண்ணியிருந்ததால்தான் அவள் பெயர் வாயில் வந்தது, அஞ்சியது தண்டனைக்கல்ல, அவமானத்துக்கு.

இது பொய்யென்று சொல்ல முடியாது. ஆனால் இந்த விளக்கம் அந்தப் பையனுடையதா, 50 வயது கடந்த எழுத்தாளனுடையதா? அன்றைய மனதிற்கு இருக்கும் ஒரே சாட்சி, குற்றவாளியே.

16 வயதில் பேரிக்காய் திருடியதை எழுதிய அகஸ்டின், அதே நூலின் 11ஆம் பகுதியில், கடந்தது நினைவாக நிகழ்கணத்தில் மட்டுமே உள்ளது என்கிறார். அப்படியானால் வாக்குமூலம் கடந்ததன் பிரதியல்ல; இன்றைய செயல். அகஸ்டினுக்கு இதனால் கலக்கமில்லை. அவர் பேசுவது, தன்னைத் தன்னைவிட அறிந்த கடவுளிடம். ரூஸோவும் கடவுளை அழைத்தே தொடங்குகிறார். ஆனால் தீர்ப்பை எதிர்பார்ப்பது சக மனிதர்களிடம். அவர்களுக்குத் தெரிவது அவர் சொன்னது மட்டுமே.

இறுதி ஆண்டுகளில் எழுதிய 'தனித்து நடப்பவனின் பகற்கனவுகள்' நூலின் நான்காம் நடையில் ரூஸோ மீண்டும் இந்தப் பொய்க்கு வருகிறார். நினைவு கைவிட்ட இடங்களைக் கற்பனையால் நிரப்பியதையும் ஒப்புக்கொள்கிறார். இதை நேர்மையின் தோல்வி என்று கொள்ள வேண்டியதில்லை. காலம் அதற்கு விதித்திருக்கும் எல்லையை அவர் கண்டுகொண்ட இடம் இது.

இன்னொரு எல்லை இதைவிடக் கடுமையானது. மரியோன் என்ன ஆனாள் என்பது ரூஸோவுக்குத் தெரியாது. இந்தச் சுமையை இறக்கும் விருப்பம் நூலை எழுதத் தூண்டியது என்கிறார். இறங்கியது அவருடைய சுமை. நூலின் இப்பகுதி அச்சேறியது 1782இல், அவர் இறந்து 4 ஆண்டுகள் கழித்து. அவளுக்குச் சேர வேண்டியிருந்தது ஒரே வாக்கியம்: அன்று, அந்த வீட்டார் முன்னிலையில். உரைநடையின் மகத்தான பக்கங்கள் அந்த வாக்கியத்துக்கு ஈடாகவில்லை. மகத்தானவை என்பதும் இதனால் பொய்யாகிவிடவில்லை. விமர்சனம் இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.