சூனியம்: ஒரு சொல் சுமக்க முடியாத சுமை

தீராத தலையிடி, படுத்துப்போன வியாபாரம், குமருக்குத் தட்டிப்போன கலியாணம். எதுவானாலும் எங்கட வீடுகளில் ஒரு வசனம் எழும்: "ஆரோ செஞ்சி வெச்சிரிக்காங்க." என்ன செய்தார்கள் என்று எவரும் கேட்பதில்லை. 'ஆர்' என்ற கேள்விதான் ஊர் சுற்றி, கடைசியில் மதினி வீட்டு வாசலிலோ பக்கத்து வளவிலோ போய் நிற்கும். இப்பேச்சின் பின்னாலுள்ள சொற்களைச் சற்றுப் பிரித்துப் பார்ப்போம்.

'செய்வினை' தமிழ்ச் சொல். அதற்குள்ளேயே செய்த ஆள் ஒருவர் இருக்கிறார். சொன்னவுடன் அவரைத் தேடத் தோன்றும். 'சூனியம்' வடமொழியிலிருந்து வந்தது. வெறுமை, பாழ், பூச்சியம் என்பன அதன் பொருள்கள்; மாந்திரீகத்துக்கும் அதுவே பெயர். சிங்களத்தில் 'ஹூனியம்' என்பது வினையையும் குறிக்கும், ஒரு தெய்வத்தையும் குறிக்கும். வினையை நீக்கும் சடங்கு 'சூனியம'. அதைப் பற்றி மானிடவியலாளர் புரூஸ் கப்ஃபெரர் 1997இல் ஒரு நூலே எழுதினார். நாம் சொல்லும் 'இஸ்மு' அரபில் வெறுமனே 'பெயர்' என்றுதான் பொருள்படும்.

இனி 'ஸிஹ்ர்'. நோன்புக்கு எழும்பும் 'ஸஹர்' நேரத்துக்கும் இதே மூன்று மூல எழுத்துகள்தான். காரணம் நுண்மையாக மறைந்திருப்பதே ஸிஹ்ர் என அரபு அகராதிகள் விளக்குகின்றன. ஆகவே அதன் பரப்பு பெரிது. மூஸா நபியின் முன் கயிறுகளும் தடிகளும் ஓடுவதாகத் தோன்றியது ஸிஹ்ர் (20:66). கணவன் மனைவியைப் பிரிக்கக் கற்றதும் ஸிஹ்ர். ஆனால் அல்லாஹ்வின் நாட்டமின்றி அதனால் தீங்கு செய்ய முடியாது என்று அதே வசனம் கூறுகிறது (2:102). குர்ஆனின் ஈர்ப்புக்கு விடை காணாமல் மறுத்தவன் சொன்ன பெயரும் ஸிஹ்ர்தான் (74:24).

தமிழ் மொழிபெயர்ப்புகளின் குறை இங்கேதான் தெரிகிறது. இத்தனைக்கும் அவை பெரும்பாலும் 'சூனியம்' என்ற ஒற்றைச் சொல்லையே வைக்கின்றன. குறைஷிகள் நபியவர்களை 'சூனியக்காரர்' என்றார்கள் (38:4) எனப் படிக்கும் நம் வாசகருக்கு, தேசிக்காயும் செப்புத்தகடும் புதைக்கும் ஆள்தான் நினைவுக்கு வரும். சொல்லால் மனங்களைக் கட்டிப்போடுகிறவர் என்ற குற்றச்சாட்டு அங்கே காணாமல் போகிறது. பேச்சிலும் ஸிஹ்ர் உண்டு என்ற ஹதீஸுக்கு வரும்போது, சூனியம் பொருந்தாதென்று 'கவர்ச்சி' என்று மாற்றுகிறார்கள். இரண்டும் ஒரே சொல் என்பது வாசகருக்குத் தெரியாமலே போகிறது.

ஸிஹ்ருக்கு எதார்த்தம் உண்டென்றே பெரும்பான்மை அறிஞர் கொண்டனர். ஹனபி இமாம் அபூபக்ர் அல்ஜஸ்ஸாஸ் போன்றோர் அதைக் கண்கட்டாகவும் ஏமாற்றாகவும் கண்டனர். அந்த விவாதத்தை இங்கே தீர்க்க வரவில்லை. எந்தப் பக்கம் நின்றாலும், வசனத்தின் சொல் வேறு, ஊரின் சொல் வேறு என்பது தெளிவு. ஈமான், தக்வா என்பவற்றை அப்படியே எழுதுகிறோமே; ஸிஹ்ரையும் அப்படியே வைத்து, இடத்துக்கு இடம் அடிக்குறிப்பு கொடுத்தால் என்ன?

இது வெறும் சொற்சண்டை அல்ல. 'ஆரோ செஞ்சது' என்று முடிவுகட்டிய வீட்டில் நோயாளி ஆஸ்பத்திரிக்குப் பிந்திப் போகிறார். ராத்தாவும் தங்கச்சியும் முகம் பார்ப்பதில்லை. முடிச்சுகளில் ஊதுவோரின் தீங்கைச் சொல்லும் சூரத்துல் பலக், அல்லாஹ்விடம் பாதுகாவல் தேடச் சொல்கிறது. ஊதியவரின் வீட்டைத் தேடிப் போகச் சொல்லவில்லை.