இறைமொழியும் பெண்குரலும்

சமய ஒப்பாய்வு என்னும் பெயரில் வெளிவரும் நூல்களுள் பல, அண்டை வீட்டாரின் குறைகளை எண்ணிக் காட்டுவதோடு அமைந்துவிடுகின்றன. நியூயார்க் நகரின் யூனியன் இறையியல் கல்லூரியில் கற்பித்த இசுலாமியப் பெண்ணறிஞர் ஜெரூஷா டேனர் ரோட்ஸ் 2018-இல் வெளியிட்ட ‘இறைமொழிகள், பெண்குரல்கள்’ என்னும் பொருள்படும் ஆங்கில நூல் இதற்கு விலக்காகும்.

எதனை எதனோடு ஒப்பிடுவது? திருக்குர்ஆனை விவிலியத்தோடும், நபிகள் நாயகத்தை இயேசுபெருமானோடும் ஒப்பிடுதல் உலக வழக்கு. அம்மையார் கொள்ளும் முறை வேறு. இசுலாத்தில் இறைமொழி நூலாய் இறங்கிற்று. கிறித்தவத்தில் மனிதராய்ப் பிறந்தது. ஆதலின் திருக்குர்ஆனுக்கு ஒப்பாக வைக்கத்தக்கவர் இயேசு. இறைமொழியை ஏந்தி உலகிற்கு அளித்த நபிகளாருக்கு ஒப்பாக வைக்கத்தக்கவர் மரியன்னை. இவ்வொப்புமை முன்னை அறிஞரும் சுட்டியதே. அதனைப் பெண்ணின் நிலையில் நின்று வினவியது அம்மையாரின் தனிச் சிறப்பு எனலாம்.

ஆணாய்ப் பிறந்த மீட்பர் பெண்களை மீட்க வல்லரோ என்று கிறித்தவ அறிஞர் ரோஸ்மேரி ராட்போர்டு ரூதர் 1983-இல் கேட்டார். காலத்துள் வந்த இறைமொழி காலத்தின் சாயலையும் ஏற்கும். அச்சாயலையே சாரமாகக் கொள்ளலாமோ என்பது இவ்வினாவின் உட்பொருள். ஏழாம் நூற்றாண்டு அரபு மக்களிடையே அருளப்பெற்ற திருமறையை ஓதுவோர்க்கும் இவ்வினா உண்டு. ஆமினா வதூத் அம்மையார், 1992-இல் நம் கோலாலம்பூரிலேயே முதற்பதிப்புக் கண்ட ‘குர்ஆனும் பெண்ணும்’ என்னும் ஆங்கில நூலில், மூலச் சொற்களை ஆய்ந்து இதற்கு விடை தேடினார். ரோட்ஸ் அம்மையார் அவ்வழியே சென்று, அயலார் கண்ட விடைகளையும் செவிமடுக்கிறார். எனினும் அவற்றை அப்படியே இரவல் கொள்ளவில்லை.

ஒன்று கூறுதல் வேண்டும். நபிகளாரின் சொல்லும் செயலும் இசுலாமியச் சட்டத்திற்கு மூலங்கள். மரியன்னையின் வாழ்வு போற்றற்குரியதேனும் சட்டமூலம் அன்று. தொழுகை, மணம், சொத்துரிமை எனப் பெண்ணின் அன்றாட வாழ்வைத் தொடும் இடங்களிலே இவ்வொப்புமை தளர்கிறது என்பது எம் கருத்து. உவமை எல்லாக் கூறுகளிலும் பொருந்துவதில்லை என்பதைத் தமிழாசிரியர்க்கு நாம் சொல்ல வேண்டுவதில்லை.

ஆயினும், தம் சமயத்தில் ஊன்றி நின்றே பிற சமயத்தார்பால் பாடம் கேட்கும் இத்துணிவு பாராட்டத்தக்கது. பல சமயத்து மாணவரை ஒரே வகுப்பில் அமர்த்திக் கற்பிக்கும் நம் ஆசிரியர்கள் இந்நூலைத் தவறாது படித்தல் வேண்டும்.