முதற்பக்கத்தின் நியாயம்

பத்திரிகையின் முதற்பக்கத்தில் எந்தச் செய்தி இடம்பெற வேண்டும் என்பதை ஆசிரியர் குழுவினர் சிலர் ஓர் அறையில் அமர்ந்து நிச்சயிக்கும் நெடுநாளைய சம்பிரதாயத்தை மாற்றி, அந்த அதிகாரத்தை வாசகரிடமே ஒப்படைத்துவிட வேண்டும் என்ற இலட்சியத்தோடு 2004-ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்காவில் தோன்றியது டிக் என்னும் இணையதளம். யார் வேண்டுமானாலும் ஒரு செய்தியின் இணைப்பை அங்கே சமர்ப்பிக்கலாம். யார் வேண்டுமானாலும் அதற்கு வாக்களிக்கலாம். குறுகிய நேரத்தில் போதிய வாக்குகள் சேர்ந்தால் அது முகப்புக்கு ஏறும். பிடிக்காதவர்கள் அதைப் புதைக்கவும் வாக்களிக்கலாம். கெவின் ரோஸ் முதலியோர் நிறுவிய அத்தளத்தையும், 2005 ஜூனில் ஸ்டீவ் ஹஃப்மன், அலெக்ஸிஸ் ஒஹானியன் என்ற இரு இளைஞர்கள் தொடங்கிய ரெடிட்டையும் வாசகரின் குடியரசுகள் என்றே அந்நாளில் பலரும் கொண்டாடினர். அக்குடியரசில் எல்லோருக்கும் சமமான குரல் இருந்ததா என்பது ஒரு கேள்வி. இல்லையென்றால் அது அநியாயம்தானா என்பது வேறொரு கேள்வி. இரண்டையும் ஒன்றாகக் கருதிவிட்டதால்தான் இவ்விஷயத்தில் இதுவரை நடந்த விவாதங்களில் பாதி வீணாயிற்று.

முதற்கேள்விக்கு விடை எளிது. 2006 ஜூலையில் எஸ்இஓமாஸ் என்ற நிறுவனம் டிக் தளத்தின் முகப்பை ஆராய்ந்து, அங்கே இடம்பெற்ற செய்திகளில் 56 சதவீதம் வெறும் 100 பயனர்கள் சமர்ப்பித்தவை என்று கண்டது. 2007 பிப்ரவரியில் வால் ஸ்ட்ரீட் ஜர்னல் நாளிதழ், பதிவு செய்துகொண்ட 9 லட்சம் பேரில் 30 பேரே முகப்புச் செய்திகளில் மூன்றில் ஒரு பங்கை அளித்தவர்கள் என்று எழுதிற்று. பல லட்சம் பேருடைய தீர்ப்பு என்று பெயர் பெற்ற முதற்பக்கம், ஒரு சிறு கூட்டத்தின் கைவேலையாகவே பெரும்பாலும் இருந்து வந்தது என்பது இதனால் ஐயமற விளங்கும்.

ஆனால் இதைக் கேட்டவுடன் ‘மோசடி’ என்று கூவுவது அவசரபுத்தி. இந்தச் செல்வாக்குப் பயனர்கள் செய்த வேலை என்ன என்பதையும் சற்றுப் பார்க்க வேண்டும். புதிதாக வந்து குவியும் இணைப்புகளில் விளம்பரமும் பழங்கதையும் வெற்றுரையுமே பெரும்பகுதி. அந்தக் குவியலில் நாள்தோறும் மணிக்கணக்கில் உட்கார்ந்து, பயனுள்ளதைப் பொறுக்கியெடுத்து, அதற்குப் பொருத்தமான தலைப்பும் இரண்டு வரி அறிமுகமும் எழுதி, மற்றவர் சமர்ப்பித்தவற்றையும் படித்துப் பார்க்கும் பொறுமை ஆயிரத்தில் ஒருவருக்கே உண்டு. அந்தப் பிரயத்தனம் இல்லாத இடத்தில் நல்லது தானாக மேலே வந்துவிடும் என்பது வெறும் பிரமை. எரிக் கில்பர்ட் என்ற ஆய்வாளர் 2013-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், ரெடிட்டில் மிகப் பிரபலமான இணைப்புகளில் 52 சதவீதம், முதன்முறை சமர்ப்பிக்கப்பட்டபோது எவராலும் கவனிக்கப்படாமல் மூழ்கிப் போனவை என்று காட்டினார். அதே இணைப்பு, வேறொருவர் கையால் வேறொரு வேளையில் வந்தபோது கொண்டாடப்பட்டது. புதுவரவுகளைப் பார்ப்பார் இல்லையென்றால் எத்தனை நல்ல செய்தியும் அனாதைதான். ரெடிட்டைத் தொடங்கியவர்களே ஆரம்ப நாட்களில் பற்பல போலிப் பெயர்களில் தாங்களே இணைப்புகளைச் சமர்ப்பித்துத் தளத்துக்கு உயிரூட்டியதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டார்கள். இந்த உழைப்புக்குச் சந்தை மதிப்பும் உண்டு என்பதை 2006 ஜூலையில் நெட்ஸ்கேப் தளத்தின் ஜேசன் கலகானிஸ் பகிரங்கமாக்கினார். போட்டித் தளங்களின் முன்னணிப் பயனர்கள் 50 பேர் தம்மிடம் வந்தால் மாதம் 1,000 டாலர் தருவதாக அவர் அறிவித்தார். ஆகவே அதிகம் உழைத்தவர் அதிகம் காணப்படுவது அநீதியாகாது. உழைப்பில் சமத்துவம் இல்லாத இடத்தில் பலனில் மட்டும் சமத்துவத்தை வேண்டுவது நியாயத்தின் பெயரால் சோம்பலுக்குப் பரிந்து பேசுவதேயாகும்.

அப்படியானால் குறை எங்கே இருக்கிறது? வாக்குகள் எண்ணப்படும் முறையை அருகே சென்று பார்த்தால் அது புலப்படும். ரெடிட் வெகுகாலம் கையாண்டு வந்த, 2008-இல் தன் நிரல்களோடு பகிரங்கமாகவே வெளியிட்ட அல்காரிதம், ஒரு பதிவின் நிகர வாக்குகளை அப்படியே கூட்டிக்கொள்வதில்லை. அவற்றின் மடக்கையை எடுத்துக்கொள்கிறது. அதன்படி முதல் 10 வாக்குகள் ஒரு பதிவை எவ்வளவு உயர்த்துகின்றனவோ அவ்வளவுதான் அடுத்த 90 வாக்குகளும் உயர்த்தும். அதற்கும் மேலே அதே அளவு ஏற இன்னும் 900 வேண்டும். பன்னிரண்டரை மணி நேரம் பிந்தி வரும் பதிவுக்கோ, முந்தியதற்குச் சமமாக நிற்கப் பத்தில் ஒரு பங்கு வாக்குகளே போதும். பழையது கீழிறங்கிப் புதியது மேலேற இந்த ஏற்பாடு மிகவும் உகந்தது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதன் மறுபக்கம் என்னவென்றால், பதிவு தோன்றிய சில நிமிஷங்களுக்குள் பத்து நண்பர்களைத் திரட்டக்கூடியவர், பின்னால் வரப்போகும் தொண்ணூறு அந்நியர்களுக்கு ஈடான பலத்தைத் தம் கையில் வைத்திருக்கிறார் என்பதே. எல்லோருக்கும் ஒரு வாக்கு என்பது எழுத்தளவில் உண்மை. முந்திக்கொண்டவரின் வாக்கு பலமடங்கு கனமுடையது என்பது நடைமுறை.

டிக் தளத்திலோ இந்தக் கனம் நட்பு வலையின் மூலம் சேர்ந்தது. நண்பர்கள் எதைச் சமர்ப்பித்தார்கள், எதற்கு வாக்களித்தார்கள் என்று அத்தளம் ஒவ்வொருவருக்கும் தனியே காட்டி வந்ததால், நண்பர் பட்டியல் நீண்டிருந்தவருக்கு முதல் வாக்குகள் அலட்டலின்றியே கிடைத்தன. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் கிறிஸ்டினா லெர்மன் இதை ஆராய்ந்தபோது ஓர் அரிய உண்மை வெளிப்பட்டது: தொடக்க வாக்குகளைப் பெரும்பாலும் தம் கூட்டத்தாரிடமிருந்தே பெற்ற செய்திகள் முகப்புக்கு ஏறிய பின் பொது வாசகரிடம் அவ்வளவாக எடுபடவில்லை, அந்நியரின் வாக்குகளோடு தொடங்கியவையே பிற்பாடு பெரும் ஆதரவைப் பெற்றன. நட்பின் வாக்கு செய்தியின் தரத்தைச் சொல்லவில்லை, நட்பை மட்டுமே சொல்லிற்று என்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் தேவையில்லை. பொய்யான முதல் வாக்கும் கூடத் தன் வேலையைச் செய்துவிடுகிறது. 2013-இல் சயன்ஸ் இதழில் வெளியான பரிசோதனை ஒன்றில், லெவ் முச்னிக், சினான் அரல், ஷான் டெய்லர் ஆகியோர் ஒரு செய்தித் தளத்தின் கருத்துரைகள் சிலவற்றுக்கு, அவை பிறந்தவுடனேயே, ஆதரவாக ஒரே ஒரு வாக்கைக் குலுக்கல் முறையில் இட்டுவைத்தார்கள். அவற்றின் இறுதி மதிப்பெண் சராசரியாக 25 சதவீதம் உயர்ந்துவிட்டது. எதிராக இட்ட பொய் வாக்கைப் பிறகு வந்தவர்கள் திருத்திக்கொண்டார்கள். ஆதரவாக இட்டதைத் திருத்த எவரும் முன்வரவில்லை.

இத்தகைய முதல் வாக்கு விலைபெறாமல் இருக்குமா? 2007 மார்ச்சில் வயர்ட் சஞ்சிகைக்காக அன்னலீ நியூவிட்ஸ் என்ற பத்திரிகையாளர், வேண்டுமென்றே சாரமற்றதாக அமைத்த ஒரு வலைப்பதிவைப் பணம் கொடுத்து வாங்கிய வாக்குகளால் டிக் தளத்தில் பிரபலமாக்கிக் காட்டினார். 2010 ஆகஸ்டில், அரசியல் கொள்கையால் ஒன்றுபட்ட பயனர் குழு ஒன்று தனக்குப் பிடிக்காத செய்திகளைக் கூட்டாகப் புதைத்து வந்தது அம்பலமாயிற்று. இவை வெளிப்படையான மோசடிகள். பிடித்துத் தண்டிப்பது எளிது. பரஸ்பர வாக்குதான் கடினமானது. தமிழ் வலைப்பதிவுகள் தழைத்திருந்த நாட்களில் தமிழ்மணம் திரட்டியின் வாக்குப்பட்டையைச் சுற்றி எழுந்த பேச்சும் இதுவே: கல்யாண வீட்டு மொய்யைப் போல, இன்று நான் உனக்கு இட்டது நாளை எனக்குத் திரும்ப வேண்டும் என்ற கணக்கு. இதில் எவரும் பொய் சொல்வதில்லை. எவரும் விதியை மீறுவதுமில்லை. ஆயினும் தீர்ப்பு என்ற ஒன்று அங்கே நடைபெறவே இல்லை. விஷயஞானம் உடையவர்களும் இதற்கு விலக்கல்ல. விலங்குகளைப் பற்றி ரெடிட்டில் சுவைபட விளக்கிப் பெரும்புகழ் பெற்றிருந்த உயிரியல் ஆராய்ச்சியாளர் ஒருவர், தம் பதிவுகளுக்கு ஆதரவாகவும் போட்டியாளருக்கு எதிராகவும் ஐந்து மாற்றுக் கணக்குகளிலிருந்து வாக்களித்தது தெரியவந்து 2014-இல் நீக்கப்பட்டார். அவர் எழுதியவற்றின் தரத்தில் குறையில்லை. தம் வழக்கில் தாமே நீதிபதியாக அமர்ந்ததுதான் குற்றம்.

இக்குறையைக் களைய டிக் தளம் செய்த முயற்சிகளின் வரலாறு படிப்பினை நிறைந்தது. 2006 செப்டம்பரில், ஒரே கூட்டத்தாரின் வாக்குகளைக் காட்டிலும் பலதிறப்பட்டவரின் வாக்குகளுக்கு மதிப்புத் தரும்படி அல்காரிதத்தை மாற்றப்போவதாக ரோஸ் அறிவித்தார். அது சரியான திசை. 2007 பிப்ரவரியில் முன்னணிப் பயனர் பட்டியலையே எடுத்துவிட்டார்கள். செல்வாக்கு அப்படியே இருக்க, அதைப் பார்க்கும் வசதி மட்டும் போயிற்று. இறுதியாக 2010 ஆகஸ்டில் வந்த நான்காம் பதிப்பு, புதைக்கும் வாக்கை நீக்கியதோடு, செய்தி நிறுவனங்கள் தம் செய்திகளைத் தாமாகவே தளத்தில் கொட்டவும் வழி திறந்துவிட்டது. முன்னணிப் பயனர் வீற்றிருந்த ஆசனம் சாமானிய வாசகருக்குக் கிட்டவில்லை. பெரிய பதிப்பகத்தார் அதில் வந்து அமர்ந்தனர். ஆத்திரமுற்ற பயனர்கள் ரெடிட்டின் இணைப்புகளையே டிக் முகப்பு முழுவதும் ஏற்றித் தம் எதிர்ப்பைக் காட்டினர். பலர் ரெடிட்டுக்கே குடிபெயர்ந்தனர். 2012-இல் டிக் தளம் அற்ப விலைக்குக் கைமாறிற்று. செல்வாக்குள்ளவரை அகற்றிவிட்டால் நியாயம் பிறந்துவிடும் என்ற எண்ணம் இவ்வாறு பிழையாயிற்று. காலியான இடத்தை அவரைவிடப் பலசாலி நிரப்பிவிடுகிறான்.

ரெடிட்டிலோ அதிகாரம் வேறு உருவம் கொண்டது. அங்கே குழுமங்களை ஆள்பவர்கள் ஊதியமில்லாத மட்டுறுத்துநர்கள். எதை நீக்குவது, யாரை விலக்குவது என்பது அவர்கள் கையில். 2023 ஜூனில் நிறுவனம் வெளியார் செயலிகளுக்கு விதித்த கட்டணத்தை எதிர்த்து 8,000-க்கும் மேற்பட்ட குழுமங்களை அவர்கள் பூட்டிவைத்தபோது, ஹஃப்மன் அவர்களைப் பரம்பரை நிலப்பிரபுக்களுக்கு ஒப்பிட்டுப் பேசினார். முந்திவந்து இடம்பிடித்தவர் தேர்தலுமின்றிக் கெடுவுமின்றி ஆண்டுவருவது உண்மையே. கூலியில்லாமல் உழைப்பவரைப் பிரபு என்று ஏசும் அதே நிறுவனம் அந்த உழைப்பில்தான் வாழ்கிறது என்பதும் உண்மையே.

இவையனைத்தையும் சீர்தூக்கினால், நோய் செல்வாக்கில் இல்லை, முன்மொழிகிற தொழிலும் தீர்ப்புச் சொல்கிற தொழிலும் ஒரே கையில் சேர்ந்திருப்பதில் இருக்கிறது என்ற முடிவுக்கே வர வேண்டியிருக்கிறது. இதை ஓரளவு உணர்ந்து நடந்தது 1997-இல் தோன்றிய ஸ்லாஷ்டாட். செய்திகளை அங்கே ஆசிரியர்களே தேர்ந்தார்கள் எனினும், வாசகரின் கருத்துரைகளை மதிப்பிடும் பொறுப்பைத் தகுதியுள்ள வாசகருள் சிலருக்குச் சிறிது காலத்துக்கு மட்டும் வழங்கினார்கள். ஒருவருக்கு ஐந்து புள்ளிகள், அவையும் மூன்று நாட்களில் காலாவதியாகும். தாம் எழுதிய விவாதத்தில் அவர் மதிப்பிடவும் கூடாது. மதிப்பிட்டவரை மதிப்பிட மற்றொரு வாசகர் வரிசையும் உண்டு. ஹேக்கர் நியூஸ் தளத்திலோ கவனிப்பாரின்றி மூழ்கிய நல்ல பதிவுகளை மட்டுறுத்துநர் எடுத்து மறுவாய்ப்பு அளிக்கிறார்கள். எவரையும் வீழ்த்தாமல் விடுபட்டதை மட்டும் தூக்கிவிடும் செல்வாக்கு அது.

நியாயமான தளம் என்பது ஒவ்வொரு பதிவுக்கும் ஒரே வெற்றியை அளிப்பதன்று. சம்பந்தமில்லாத சிலரேனும் ஒவ்வொன்றையும் ஒருமுறை படித்துவிட்டுத் தீர்மானிக்கும் வாய்ப்பை அளிப்பதாகும். முதல் ஒரு மணி நேரத்துக்குச் சமர்ப்பித்தவர் பெயரை மறைத்துவைப்பதும், புதுவரவுகளைக் குலுக்கல் முறையில் பலர் கண்ணிலும் படச் செய்வதும், வழக்கமாக ஒன்றுசேர்ந்து வாக்களிப்பவரின் வாக்குகளைச் சேர்த்து ஒன்றாகவே எண்ணுவதும் இதற்கு உகந்த வழிகள். இவற்றால் இழப்பும் உண்டு: பெயருக்காகவே உழைத்த சிலர் போய்விடுவார்கள், முகப்பு சற்றுத் தாமதமாக நிரம்பும், அன்றன்றைய பரபரப்பு குறையும். ஆயினும் அந்த மணி நேரம் கடந்தபின் பெயரையும் புகழையும் தாராளமாகக் கொடுத்துவிடலாம் என்பதால் இழப்பு பெரிதன்று. உழைத்தவருக்கு உரிய மரியாதை கிடைப்பதற்கு, தம் பதிவுக்குத் தீர்ப்பு எழுதும் உரிமையையும் அவருக்கே வழங்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.